கூடம் கோணல்தானா?

1

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.” இந்தப் பழமொழியை ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தமிழ் வீட்டில் யாரும் வளர்ந்திருக்க வாய்ப்பில்லை. பேனா சரியில்லை என்றால் இது. பேட் சரியில்லை என்றால் இது. ஆபீஸில் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று புதிதாகச் சேர்ந்த பையன் சொன்னால், யாராவது ஒரு சீனியர் இதையே வேறு வார்த்தையில் சொல்வார். கருவியைக் குறை சொல்லாதே, உன்னைத் திருத்திக்கொள். அவ்வளவுதான் செய்தி.

எனக்கு இந்தப் பழமொழியில் நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. யாராவது போய் அந்தக் கூடத்தை அளந்து பார்த்தார்களா? அவளுக்கு ஆடத் தெரியாது என்பதும் உண்மையாக இருக்கலாம், கூடம் கோணல் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஒன்று இன்னொன்றை மறுக்கவில்லை. பழமொழியோ முதலாவதைச் சொல்லி, இரண்டாவதை விசாரணையே இல்லாமல் தள்ளுபடி செய்துவிடுகிறது.

இதற்கு நேரெதிரான குரல் ஒன்றும் இன்று நம் கைபேசிக்குள் உட்கார்ந்திருக்கிறது. உனக்கு ஆடத் தெரியும் கண்ணா, கூடம்தான் கோணல், இதோ புதுக் கூடம், மாதத் தவணையில் வாங்கிக்கொள். இந்தக் கேமரா இருந்தால் நீ புகைப்படக் கலைஞன். இந்த ஷூ இருந்தால் நீ ஓட்டக்காரன். அம்மாவின் பழமொழிக்கும் விளம்பரத்தின் தாலாட்டுக்கும் நடுவில் நிற்கிற ஒருவருக்கு நேர்மையான பதில் கிடைப்பது கஷ்டம். காரணம், பெரும்பாலான வேலைகளில் கூடத்தின் கோணலை அளக்க வழியில்லை. நல்ல கீபோர்டு வாங்கினால் நல்ல கதை வருமா என்று எதை வைத்து அளப்பது?

அளக்க முடிகிற துறைகள் சில உண்டு. அதில் ஒன்று ரைஃபிள் சுடுதல். அங்கே பிழை காகிதத்தில் ஓட்டையாக விழுகிறது. மில்லிமீட்டரில் அளந்துவிடலாம். அந்த உலகத்தில் ஓயாமல் கேட்கப்படுகிற ஒரு கேள்வி இருக்கிறது: கம்பெனியில் இருந்து வந்த ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு, நமக்கென்று அளவெடுத்துச் செய்த ஒன்றைப் போடுவது காசுக்குத் தகுமா? அமெரிக்காவில் நானூறு ஐந்நூறு டாலருக்கு நன்றாகச் சுடக்கூடிய ரைஃபிளே கிடைக்கிறது. அதற்குப் போடுகிற நல்ல ஸ்டாக் ஆயிரம் டாலரைத் தாண்டலாம். சட்டையை விடப் பொத்தான் விலை அதிகம் என்பது போல.

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை. வைத்துக்கொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் பல வருஷமாக மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். ‘கருவியா, நானா?’ என்ற பழைய தகராறு இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

2

முதலில் ஸ்டாக் என்றால் என்ன. குழல், விசை, தோட்டா ஏறும் அறை ஆகிய இரும்புப் பாகங்களைத் தாங்கி, தோளில் பதிந்து, கன்னத்தில் ஒட்டி, கைக்குள் அடங்குகிற கட்டை. காலம் காலமாக மரம். இப்போது பிளாஸ்டிக், கண்ணாடி இழை, அலுமினியம். இனி அதைக் கட்டை என்றே சொல்கிறேன்.

குண்டைச் சுடுவது குழல். அப்படியிருக்க, பிடித்துக்கொள்கிற கட்டையில் என்ன இருக்கிறது? இரண்டு விஷயங்கள்.

ஒன்று, கட்டை இரும்பைப் பிடித்திருக்கும் விதம். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். மரக்கட்டை மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெயிலில் சுருங்கும். நம் வீட்டுக் கதவு ஐப்பசியில் நிலையில் சிக்கிக்கொள்வது போலத்தான். உப்பிய மரம் குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால் நேற்று விழுந்த இடத்தில் இன்று குண்டு விழாது. அதனால்தான் நல்ல கட்டையில் குழலைத் தொடாதபடி இடைவெளி விட்டிருப்பார்கள். இரும்பு உட்காருகிற பள்ளத்தில் பிசின் ஊற்றி அச்சுப் பிசகாமல் பொருத்தியிருப்பார்கள்.

இரண்டு, கட்டை மனிதரைப் பிடித்திருக்கும் விதம். கட்டையின் நுனியிலிருந்து விசை வரைக்குமான நீளம் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை என்றால் தோள் இழுபடும், கழுத்து நீளும். கன்னம் பதியும் இடம் தாழ்வாக இருந்தால் கண்ணைக் குறிநோக்கிக்கு நேரே கொண்டுவரத் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தசை பிடித்துக்கொண்டிருக்கும் எதுவும் நடுங்கும். எலும்பு தாங்கினால் நடுங்காது. சுடுதலைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எலும்பில் நில், தசையில் நிற்காதே.

சரி, கம்பெனிக் கட்டை யாருடைய எலும்பை நினைத்துச் செய்யப்பட்டது? ‘சராசரி மனிதர்’ என்ற ஒருவருக்காக. அவரைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. 1950-இல் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்து ஆராய்ந்தார். விமானி அறை சராசரி உடலுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டிருந்தது. உயரம், மார்பளவு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். விடை பூஜ்யம். நாலாயிரம் பேரில் ஒருவர்கூட இல்லை. எல்லாருக்கும் பொருந்தும் என்று செய்த இருக்கை யாருக்கும் சரியாகப் பொருந்தவில்லை. பிறகுதான் நகர்த்திக்கொள்ளக்கூடிய இருக்கைகள் வந்தன.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கே இது அரைகுறையாகத் தெரிந்திருந்தது. நம்மூர்க் காவலர்களின் தோளில் வெகுகாலம் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’ இருக்கிறதே, அந்த லீ என்ஃபீல்டு ரைஃபிளின் பின்கட்டை ஒரே நீளத்தில் வரவில்லை. நெட்டை, வழக்கமானது, குட்டை, அதைவிடக் குட்டை என்று நான்கு நீளங்கள். கடைசி அளவுக்குப் பெயர் பேன்ட்டம். முதல் உலகப்போரில் உயரம் குறைந்தவர்களையும் சேர்த்து அமைத்த படைப்பிரிவுகளுக்கும் அதே பெயர். மனிதர்களை எண்களாக்கிப் பார்த்த ஒரு ராணுவமே, எல்லாத் தோளும் ஒன்றல்ல என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆக, கூடம் கோணல்தான். இதில் சந்தேகமே இல்லை. கேள்வி எவ்வளவு கோணல் என்பதுதான்.

3

இங்கே கொஞ்சம் பத்தாம் வகுப்புக் கணக்கு. பயப்பட வேண்டாம், பிதாகரஸ் தான்.

குண்டு குறியிலிருந்து விலகுவதற்கு இரண்டு காரணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சுடுபவரின் நடுக்கம், துப்பாக்கியின் சீரின்மை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பிழைகள் சேரும்போது அவை நேராகக் கூட்டப்படுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் போலச் சேர்கின்றன. மொத்தப் பிழை என்பது கர்ணம்.

புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவரின் சொந்தப் பிழை 30 மில்லிமீட்டர், துப்பாக்கியின் பிழை 10 என்று கொள்வோம். (கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள்.) மொத்தம் 40 அல்ல, ஏறத்தாழ 31.6. இப்போது ஆயிரம் டாலர் செலவழித்துத் துப்பாக்கியின் பிழையைப் பாதியாக்குகிறார்: 10 என்பது 5 ஆகிறது. புது மொத்தம்? 30.4. ஆயிரம் டாலருக்குக் கிடைத்தது ஒரு மில்லிமீட்டரும் கொசுறும். பழமொழி ஜெயித்துவிட்டது. அம்மா சொன்னது சரி.

அதே துப்பாக்கியைப் பல ஆண்டுப் பயிற்சி உள்ள ஒருவரிடம் கொடுங்கள். அவருடைய சொந்தப் பிழை 6. மொத்தம் சுமார் 11.7. கட்டையை மாற்றித் துப்பாக்கியின் பிழையை 5 ஆக்கினால் மொத்தம் 7.8. மூன்றில் ஒரு பங்கு பிழை போய்விட்டது. அதே காசு, அதே கட்டை, அதே கடை. ஒருவருக்கு வீண், இன்னொருவருக்கு வரம்.

மென்பொருள் எழுதுகிற எல்லாருக்கும் இது பழகிய விஷயம்தான். ஒரு புரோகிராம் பத்து நொடி எடுக்கிறது, அதில் ஒன்பது நொடி டேட்டாபேஸில் போகிறது என்றால், மீதி ஒரு நொடியை எவ்வளவு செதுக்கினாலும் பயனர் கவனிக்கப்போவதில்லை. எது பெரிய பக்கமோ அதில் கை வை. ஆனால் எது பெரிய பக்கம் என்று தெரிந்துகொள்ள முதலில் அளக்க வேண்டும். பெரும்பாலும் நாம் அளப்பதில்லை. கை வைக்க எது சுவாரசியமாக இருக்கிறதோ அதில் கை வைக்கிறோம்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சொந்தப் பிழை 30 உள்ளவரால், தன் துப்பாக்கியின் பிழை 10-ஆ 5-ஆ என்று கண்டுபிடிக்கவே முடியாது. அவருடைய சொந்த நடுக்கத்தின் இரைச்சலில் அது மூழ்கிப்போகும். கூடத்தின் கோணலை உணர வேண்டுமானால் ஓரளவு ஆடத் தெரிந்திருக்க வேண்டும். பழமொழியை இப்படித் திருத்தலாம்: ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலா இல்லையா என்றே தெரியாது.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். ஆண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிப் போட்டி. இந்தப் போட்டியின் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். இந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அளவு. போட்டிக்கு முன் மதிப்பெண்ணில் சேராத சோதனைச் சுடுகைகள் உண்டு. அபினவ் பிந்த்ரா சுட்டார். 4 விழுந்தது. ஒலிம்பிக் இறுதிக்கு வந்த ஒருவர் தூக்கத்தில் சுட்டாலும் விழாத எண் அது. தன் ரைஃபிளின் குறிநோக்கி எப்படியோ நகர்ந்துவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்தார். இருந்த சில நிமிடங்களில் அதைத் திருப்பிச் சரிசெய்தார். இறுதிச் சுற்றின் முதல் சுடுகை 10.7. பத்துச் சுடுகைகளில் ஒன்றுகூட 10-க்குக் கீழே போகவில்லை. கடைசிச் சுடுகைக்கு முன் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனுடன் சமநிலை. கடைசியில் 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்.

அந்த 4 விழுந்த கணத்தை யோசித்துப் பாருங்கள். நானோ நீங்களோ சுட்டு 4 விழுந்தால் அதில் எந்தச் செய்தியும் இல்லை. நமக்கு அதுவும் விழும், 9-உம் விழும், சுவரிலும் விழும். அவருக்கு 4 விழுந்தால் அது துப்பாக்கியைப் பற்றிய செய்தி. “இது நான் இல்லை” என்று சொல்லும் உரிமையை அவர் பல ஆயிரம் மணி நேரம் செலவழித்து வாங்கியிருந்தார். இன்னொன்றும் கவனியுங்கள். கூடம் கோணல் என்று தெரிந்ததும் அவர் புகார் எழுதிக்கொண்டு உட்காரவில்லை. கோணலை நிமிர்த்திவிட்டு ஆடினார். (கூடம் என்றதும் நினைவுக்கு வருகிறது: பெய்ஜிங் அரங்கத்தைப் போலப் பழகிப் பார்க்கவேண்டும் என்று அவர் சண்டிகரில் ஒரு கல்யாண மண்டபத்தையே வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தவர். பழமொழியை இவ்வளவு நேரடியாக எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர் வேறு யாரும் இருக்க முடியாது.)

4

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சுடுபவரின் பிழை ஒரு பக்கம், துப்பாக்கியின் பிழை இன்னொரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்தேன். கட்டை எந்தப் பக்கம்?

கட்டை இரண்டிலும் இருக்கிறது. குழலை மாற்றினால் துப்பாக்கி மட்டும் மாறும். கட்டையை மாற்றினால் உங்கள் நிற்கும் விதம் மாறும், கழுத்து மாறும், மூச்சு மாறும். உங்கள் சொந்தப் பிழை என்று நினைத்த அந்த 30-இல் ஒரு பங்கு, கன்னம் பதிய இடமில்லாததால் வந்த நடுக்கமாக இருக்கலாம். கருவி முடிந்து மனிதர் தொடங்குகிற கோடு கட்டையின் மேல்தான் ஓடுகிறது. அந்தக் கோட்டை அழுத்தமாக வரைய முடியாது.

ஏகலைவன் கதையை இந்தக் கண்ணோட்டத்தில் திரும்பப் படித்துப் பார்க்கலாம். துரோணர் வில்லைக் கேட்கவில்லை. வில்லைக் கேட்டிருந்தால் அவன் காட்டில் இன்னொரு மூங்கிலை வெட்டியிருப்பான். அவர் கேட்டது கட்டைவிரலை. நாணும் உடம்பும் சந்திக்கிற இடத்தை. திறமை எங்கே குடியிருக்கிறது என்று அந்த வாத்தியாருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கொடூரமான அறிவு, ஆனால் அறிவுதான்.

அந்தச் சந்திப்பிடம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. இங்கேதான் பழமொழி வெறும் அறிவுரையாக இல்லாமல் அநியாயமாக மாறுகிறது. கம்பெனிக் கட்டையின் வழக்கமான நீளம் ஓரளவு உயரமான ஆணின் கையை நினைத்து வைக்கப்பட்டது. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் அதைத் தோளில் வைத்தால், எடை முன்னால் இழுக்கும், அவள் முதுகைப் பின்னால் வளைத்து ஈடுகட்டுவாள், ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும், குண்டுகள் சிதறும். பார்க்கிறவர் சொல்வார்: “பொண்ணுங்களுக்கு இது சரிப்படாது.” ஆடத் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதியாயிற்று. கூடத்தைக் கட்டியவர் தன் காலடிக்கு ஏற்பக் கட்டிக்கொண்டார் என்பது தீர்ப்பில் வராது.

அவனி லேகரா ஜெய்ப்பூர்க்காரர். 2012-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. பிந்த்ராவின் சுயசரிதையைப் படித்துத்தான் சுடுதலை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். டோக்கியோ பாராலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம். பாராலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண். 2024-இல் பாரிஸில் மறுபடியும் தங்கம். அவர் சுடுவது சக்கர நாற்காலியில் இருந்து. பாராலிம்பிக்கில் இன்னொரு பிரிவும் உண்டு: கைகளால் துப்பாக்கியின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கு, எடையைத் தாங்கும் ஸ்டாண்ட் அனுமதிக்கப்படுகிறது. குறி பார்ப்பதும் விசையை அழுத்தும் கணத்தைத் தேர்வதும் அவர்களுடையது. அங்கே போய் “கருவியைக் குறை சொல்லாதே” என்று யாராவது சொல்வார்களா? பொருத்தமான கருவி அங்கே போட்டிக்குள் நுழையும் கதவு.

அந்தக் கதவு தேவைப்படுகிறவர்கள் தனிச்சாதி அல்ல. நான்கு நீளங்களில் கட்டை செய்த ராணுவத்துக்குத் தெரிந்ததுதான்: எல்லாரும் ஏதோ ஓர் அளவில் சராசரிக்கு வெளியே இருக்கிறோம். சிலர் ஒரு சென்டிமீட்டர் வெளியே, சிலர் ஒரு மைல் வெளியே. ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று இரண்டு அளவு பெரிதாகத் தைத்த பள்ளிச் சீருடையில் ஓட்டப்பந்தயம் ஓடியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எனவே முந்தைய கணக்கில் கிடைத்த ‘முதலில் பயிற்சி, பிறகு கருவி’ என்ற விடைக்கு ஒரு திருத்தம் தேவை. மேம்பாடு வேறு, பொருத்தம் வேறு. நல்லதை இன்னும் நல்லதாக்குவது காத்திருக்கலாம். பொருந்தாததைப் பொருந்தவைப்பது காத்திருக்கக் கூடாது. பொருந்தாத கட்டையில் ஆயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் உடம்பு கற்றுக்கொள்வது கோணலைத்தான். நல்ல வேளையாக, பொருத்தத்துக்கு அதிகம் செலவாகாது. கன்னம் பதியும் இடத்தில் நுரைப்பஞ்சு வைத்து டேப் சுற்றலாம். பின்கட்டையில் தகடுகள் சேர்த்து நீளத்தைக் கூட்டலாம், அறுத்துக் குறைக்கலாம். ஆயிரம் டாலர் கட்டை செய்வதில் பெரும்பகுதியை இவை செய்துவிடும். அளந்து பார்த்தபிறகும் கோணல் மிச்சமிருந்தால் பெரிய செலவைப் பற்றி யோசிக்கலாம்.

5

ஆனால் துப்பாக்கி ஓட்டப்பந்தய ஷூ அல்ல. அது கொல்லச் செய்த பொருள். காகிதத்தில் ஓட்டை போடுவது அதன் பிற்கால வேலை. அதனால் ‘தகுமா?’ என்ற கேள்வியைக் காகிதத்தோடு நிறுத்திவிட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும்.

சில ஆண்டுகள் மினசோட்டாவில் வேலை பார்த்தேன். அங்கே நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைப் பருவம் திறக்கும். தீபாவளிக்கு நம்மவர்கள் லீவு போடுவது போல அந்த வாரம் டீமில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கோடைக்காலம் முழுக்கக் கட்டை மாற்றுவதைப் பற்றி ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருந்தார். விலை, எடை, பொருள், காத்திருப்பு நாட்கள். மதிய உணவு நேரத்தில் என்னிடம் விளக்குவார். நான் கேட்டேன், “இப்போ இருக்கிற துப்பாக்கியில என்ன பிரச்சினை?” அவர் சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை: “மானுக்கு வலிக்கக் கூடாது. அது என் கடமை.”

நல்ல காரணம். வேட்டையை ஏற்காத எனக்கும் அந்த வார்த்தையின் எடை புரிந்தது. போட்டியில் 5 மில்லிமீட்டர் தவறினால் பதக்கம் போகும். காட்டில் 15 சென்டிமீட்டர் தவறினால் ஓர் உயிர் வயிற்றில் ஓட்டையோடு ஓடி, எங்கோ புதருக்குள் ராத்திரி முழுக்கச் சாகும். இதைத் தவிர்க்க ஆயிரம் டாலர் என்றால் அது செலவே இல்லை.

ஆனால் அங்கேயும் அளந்து பார்க்க வேண்டும். வெள்ளைவால் மானின் நெஞ்சுப் பகுதியில், குண்டு பட்டால் உடனே உயிர்போகும் இடம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம். சாதாரணக் கம்பெனி ரைஃபிள் 100 மீட்டரில் 5 சென்டிமீட்டருக்குள் குண்டுகளைச் சேர்த்துவிடும். அடர்ந்த காட்டில் அதைவிடத் தூரத்துக்குப் பார்வையே போகாது. அந்தத் தூரத்தில் மானுக்கு வலிப்பதைத் தீர்மானிப்பது கட்டை அல்ல. அவசரம், குளிரில் விறைத்த விரல், ஓடுகிற மானைச் சுடலாமா என்ற சபலம். சரி, புதுக் கட்டை வாங்கிப் பிழை பாதியானதாகவே வைத்துக்கொள்வோம். அந்த மிச்சத்தை என்ன செய்வார்? பழைய தூரத்திலேயே சுட்டால் மானுக்கு லாபம். இவ்வளவு காசு போட்டு வாங்கியபிறகு யாருக்குப் பழைய தூரம் போதும்? 100 மீட்டரில் சுட்டவர் 250-இல் முயல்வார். தூரம் கூடக் கூடப் பிழையும் விரியும், காற்றும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் மானுக்கு இருந்த ஆபத்து அப்படியே இருக்கும், அல்லது கூடும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயரே உண்டு. நிக்லாஸ் விர்த் 1995-இல் எழுதினார்: வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது. புது கம்ப்யூட்டர் தருகிற வேகத்தைப் பயனருக்குக் கொடுக்காமல் நாங்களே தின்றுவிடுகிறோம். மிச்சம் கிடைத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் குணம் மனிதனுக்கு இல்லை. மிச்சத்தை ஆசை எடுத்துக்கொள்ளும்.

இதற்கு மறுபக்கமாக எனக்கு ஜிம் கார்பெட் நினைவுக்கு வருகிறார். ‘குமாயுன் புலிகள்’ படித்தவர்களுக்கு 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியின் முடிவு ஞாபகம் இருக்கும். கையிலிருந்த தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன, புலி அடிபட்டிருக்கிறது, சாகவில்லை. கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வருகிறார். குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இடைவெளி தெரிகிற துப்பாக்கி. வெடித்தால் தன் முகத்திலேயே வெடிக்கலாம். அவர் செய்தது ஒன்றுதான்: இருபதடி வரைக்கும் பக்கத்தில் போனார். புலியின் திறந்த வாயைக் குறிவைத்தார், குண்டு வாயில் படவில்லை, பாதத்தில் பட்டது. முந்தைய காயங்களில் ஏற்கெனவே உயிர் போய்க்கொண்டிருந்த புலி அங்கேயே சாய்ந்தது.

கோணல் துப்பாக்கிக்கு அவர் கண்ட வழி, தூரத்தைக் குறைப்பது. கருவியின் பிழையைத் தன் உடம்பின் மேல் ஏற்றிக்கொண்டார். நல்ல துப்பாக்கி வைத்திருக்கும் வேட்டைக்காரர் தூரத்தைக் கூட்டுகிறார். தன் ஆசையின் பிழையை மானின் உடம்பில் ஏற்றுகிறார். கருவி மாறியதால் பிழை மறைந்துவிடவில்லை. இடம் மாறியிருக்கிறது. ‘தகுமா?’ என்று கேட்கிற ஒவ்வொருவரும் கூடவே கேட்கவேண்டிய கேள்வி இது: மிச்சமிருக்கும் பிழையை இப்போது யார் சுமக்கிறார்கள்?

பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “நீ சொல்றது சரிதான். ஆனா எனக்கு அந்த வால்நட் கட்டை ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றார். அவர் அந்த விஷயத்தில் சொன்னவற்றிலேயே நேர்மையான வாக்கியம் அது என்று நினைக்கிறேன். மானும் கடமையும் பிறகு வந்த நியாயங்கள்.

6

பிடித்திருக்கிறது என்பதை நான் மட்டமாக நினைக்கவில்லை. வால்நட் மரத்தில் செதுக்கிய நல்ல கட்டை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மரத்தின் ரேகை கைப்பிடி வளையும் இடத்தில் தானும் வளைகிறது. கை வழுக்காமலிருக்க நுணுக்கமாகக் கட்டம் கட்டமாய்ச் செதுக்கிய கோடுகள். எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. அதைச் செய்தவர் தன் வாழ்நாளில் ஒரு பகுதியை அதற்குள் வைத்திருக்கிறார். ஆயுத பூஜை அன்று லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிற ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கருவியின்மேல் வருகிற இந்த மரியாதையை விளக்க வேண்டியதில்லை.

அந்த அழகுக்காக ஒருவர் காசு கொடுத்தால், அழகுக்காகக் கொடுத்தேன் என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை. பொய் எங்கே வருகிறதென்றால், அழகுக்குக் கொடுத்த காசைத் துல்லியத்தின் கணக்கில் எழுதும்போது. பயிற்சியைத் தள்ளிப்போட ஆயத்தம் என்று பெயர் வைக்கும்போது. தோட்டா இல்லாமல் வெறும் விசையை அழுத்திப் பழகுவதற்கு ஒரு பைசா செலவில்லை. உலகத்தின் மிகச்சிறந்த சுடுநர்கள் அதை மணிக்கணக்காகச் செய்கிறார்கள். கடைக்குப் போகிற உற்சாகம் அதில் இல்லை, அவ்வளவுதான்.

எனவே என் விடை, கேட்பவரைப் பொறுத்தது. உடம்புக்குப் பொருந்தவே இல்லை என்றால், இன்றைக்கே மாற்றுங்கள். கடன் வாங்கியாவது, டேப் ஒட்டியாவது. பொருந்துகிறது, ஆனால் குண்டு சிதறுகிறது என்றால், ஆறு மாதம் பயிற்சி செய்து ஒவ்வொரு ஓட்டையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த இரைச்சல் அடங்கியபிறகு கோணல் தானாகக் கண்ணில் படும். அப்போது வாங்கினால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவீர்கள். எதிரே உயிர் இருக்கிறது என்றால், வாங்குவதற்கு முன்பே உங்கள் தூரத்தை எழுதி வைத்துவிட்டு, வாங்கியபிறகும் அதைத் தாண்டாதீர்கள்.

நல்ல கட்டை தருகிற உண்மையான லாபம் அந்த சில மில்லிமீட்டர் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் பொருந்திய ஒரு துப்பாக்கியை எடுத்துச் சுட்டு, குண்டு விலகிப்போனால், இனி மரத்தையும் மழையையும் சொல்ல முடியாது. அந்த ஓட்டை முழுக்க நம்முடையது. சாக்குகளில் ஒன்று குறைந்துவிட்டது. இப்படி ஒரு பொருளை ஆயிரம் டாலர் கொடுத்து வாங்க எத்தனை பேர் உண்மையில் தயாராக இருக்கிறோம்? கோணல் கூடத்தில் ஆடுவதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது. நிமிர்த்திக் கொடுத்துவிட்டால் அப்புறம் ஆட வேண்டுமே.